ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது, சூடேறினால் சுற்றுவதில்லை: இன்னொரு சென்சார் வாங்குவதற்கு முன்

கேட்டிருப்பது இது. ட்ராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. ஏசி போட்டால் ரேடியேட்டர் பக்கம் ஃபேன் சுற்றுகிறது, ஏசி இல்லாவிட்டால் எவ்வளவு சூடானாலும் அசைவதில்லை. "ஃபேன் சென்சார் போயிடுச்சு" என்று புதிது மாட்டினார்கள். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். சென்சார் மட்டமானதா, இன்னொன்று வாங்கிப் போடலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது முள் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இரண்டும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ரேடியேட்டர் அடைத்திருந்தால் ஏற்றத்திலும் வேகத்திலும்தான் முதலில் சூடேறும். நின்றால் மட்டும் சூடு என்பது காற்றோட்டக் குறை, அதாவது ஃபேன். அந்தக் கணிப்பு வரைக்கும் உங்கள் மெக்கானிக் சரி. ஆனால் புதுச் சென்சார் இரண்டு நாள் வேலை செய்துவிட்டு நின்றுபோனது என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் வருவது சென்சார் மேல் இல்லை, அதன் தலையில் மாட்டும் கனெக்டர் மேல். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் "ஃபேன் சென்சார்" என்ற பெயரைப் பிரித்துக்கொள்வோம். இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்களைச் சொல்கிறோம். பழைய வண்டிகளில் இருப்பது வெறும் தெர்மோ ஸ்விட்ச். ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டியில் திருகியிருக்கும். கூலண்ட் 90, 95 டிகிரியைத் தொட்டதும் உள்ளே உள்ள தகடு வளைந்து இரண்டு வயரையும் இணைக்கும், ஃபேன் ஓடும். சில டிகிரி இறங்கியதும் விட்டுவிடும். அதற்குக் கணக்குப் போடத் தெரியாது, ஆன் அல்லது ஆஃப். இப்போதைய வண்டிகளில் இருப்பது கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். சிலிண்டர் ஹெட்டிலோ, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலண்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) இருக்கும் கூட்டிலோ உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது சூடு கூடக் கூட மின்தடை குறையும், பாசிமணி போன்ற ஒரு சின்னத் துண்டு. அதன் தடையை ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், படித்து, இத்தனை டிகிரி என்று கணக்கிட்டு, ஃபேனுக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்சான ரிலேயை இயக்கும். ஃபேனை இயக்குவது சென்சார் அல்ல, ஈசியு. சென்சார் தகவல் சொல்லும் ஆள் மட்டும்தான். உங்கள் வண்டியில் எது என்று தெரியாவிட்டால், எஞ்சின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஆயிரம் ஓமுக்கு மேல் ஏதாவது ஒரு எண் காட்டினால் சென்சார். ஒன்றுமே காட்டாமல் திறந்த சர்க்யூட்டாக இருந்தால் ஸ்விட்ச், அல்லது செத்த சென்சார்.

ஸ்விட்ச் வகை என்றால் வேலை ஐந்து நிமிடம். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயர் பக்கத்து இரண்டு பின்களையும் தடிமனான ஒரு துண்டு வயரால் சேருங்கள். ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. சுற்றாவிட்டால் ஸ்விட்ச்சை மறந்துவிட்டு ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று போங்கள். தடிமனான வயர் என்று சொல்வதற்குக் காரணம், சில வண்டிகளில் ஃபேனின் முழுக் கரண்ட்டும் அந்த ஸ்விட்ச் வழியாகவே போகும்; மெல்லிய வயர் கையைச் சுட்டுவிடும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டர் குளிர்ந்தே கிடக்கும், அதில் உட்கார்ந்திருக்கும் ஸ்விட்ச்சுக்கு ஒன்றும் தெரியாது. மேல் ஹோஸ் தொட முடியாத சூட்டிலும் கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாகவும் இருந்தால் அதுதான்.

இனி சென்சார் வகை. உங்களுடையது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஒரு துப்பறியும் கேள்வியில் தொடங்கலாம். உங்கள் வண்டியில் டேஷ்போர்டு முள்ளுக்கும் ஈசியுவுக்கும் ஒரே சென்சாரா, தனித்தனியா? ஒரே சென்சார் என்றால், முள் ஏறுகிறது என்பதே சென்சார் உண்மையைச் சொல்கிறது என்பதற்குச் சாட்சி. ஈசியுவுக்குச் சூடு தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஃபேன் ஓடவில்லை என்றால் தவறு அதற்குப் பிறகு எங்கோ இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிக்குப் புதுச் சென்சார் மாட்டுவது, காய்ச்சல் குறையவில்லை என்று தெர்மாமீட்டரை மாற்றுகிற மாதிரி. தனித்தனி என்றால் கதையே வேறு: முள்ளுக்கான ஆள் உண்மையைச் சொல்கிறார், ஈசியுவுக்கான ஆள் "ஒன்றும் சூடில்லை" என்கிறார். முள்ளை நம்பி இன்னொரு சென்சாரை எடைபோட முடியாது.

இதைத் தீர்த்துவைக்க ஒரு ஓபிடி ஸ்கேனர் வேண்டும், ஈசியுவுக்குத் தெரிவதை நமக்குக் காட்டும் கருவி. போனோடு ப்ளூடூத்தில் சேரும் சின்னதே போதும். அதில் கூலண்ட் டெம்பரேச்சரை நேரலையாகப் பார்த்துக்கொண்டே வண்டியை நிறுத்திய இடத்தில் ஐடிலில் ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டி ஏறும்போது ஸ்கேனர் 105, 108 என்று காட்டுகிறதா, இல்லை 80, 82-இலேயே நிற்கிறதா? பல வண்டிகளில் 75-இலிருந்து 105 டிகிரி வரைக்கும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், ஓட்டுகிறவர் வீணாகப் பதறாமல் இருக்க. அந்த மாதிரி வண்டியில் முள் நடுவைத் தாண்டி அசைகிறது என்றாலே சூடு நிஜமாகவே அதிகம். ஃபேன் தொடங்கும் வெப்பநிலை வண்டிக்கு வண்டி மாறும். 95-இலிருந்து 105-க்குள் பெரும்பாலும் அடங்கும்.

ஸ்கேனர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது என்றால் இனி வருவதுதான் முக்கியம்.

எல்லோரும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுவது. இரண்டும் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போனால் சென்சார் நல்லது என்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் கனெக்டர் கோளாறு இந்தப் பரீட்சையில் சுலபமாகப் பாஸாகிவிடும்.

எப்படி என்றால், பரவலாகப் புழங்கும் ஒரு வகைச் சென்சாரில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் 320 ஓம், 90-இல் 240 ஓம், 100-இல் 190 ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது கனெக்டர் பின்னில் துரு பிடித்து 100 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் 2,500 ஓமோடு 100 சேர்ந்தால் 2,600. ஈசியுவின் கணக்கில் ஒரு டிகிரிதான் பிசகும், யார் கண்ணிலும் படாது. மதியம் ட்ராஃபிக்கில் கூலண்ட் நிஜமாகவே 95 டிகிரி. சென்சார் 210 ஓம் சொல்கிறது. துருவின் 100 ஓமும் சேர்ந்து ஈசியு காதில் விழுவது 310. அது என்ன நினைக்கும்? "80 டிகிரிதான், ஃபேனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது." எஞ்சின் இன்னும் சூடாகி 100-ஐத் தொட்டால்கூட 290 ஓம்தான் தெரியும், அதாவது 84 டிகிரி. ஃபேன் தொடங்கவே தொடங்காது.

இதில் கொடுமை என்னவென்றால் செக் எஞ்சின் விளக்கும் எரியாது. சென்சார் வயர் முழுக்க அறுந்தால் ஈசியுவுக்கு மைனஸ் 40 டிகிரி போலத் தெரியும், பி0118 என்று பழுதுக் குறியீடு போடும். வயர் எர்த்தில் ஒட்டிக்கொண்டால் 130 டிகிரிக்கு மேல் தெரியும், பி0117 போடும். விட்டு விட்டுத் தொடர்பு அறுந்தால் பி0119. ஆனால் 80 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண். அதில் ஈசியு சந்தேகப்பட ஒன்றுமில்லை. தடை இன்னும் கூடினால் எஞ்சின் சூடாகவே மாட்டேன் என்கிறது என்று எண்ணி பி0128 போடக்கூடும். அந்தக் குறியீடு தெர்மோஸ்டாட்டைக் கைகாட்டும், உடனே ஒரு நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்ற நினைப்பில் ஈசியு எரிபொருளையும் கொஞ்சம் தாராளமாக ஊற்றும். மைலேஜ் குறைந்திருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. என் வண்டிக்கு அடுத்தடுத்து இரண்டு சென்சார் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சில நாள் சரியாக இருக்கும், பிறகு முள் ஏறும். மூன்றாவதை வாங்கக் கிளம்புவதற்கு முன் கனெக்டரை வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தேன். இரண்டு துளைகளில் ஒன்றின் உதடு அகன்று போயிருந்தது. அடியில் பச்சையாக, செம்புப் பாத்திரத்தில் புளி பட்டு உலர்ந்தது மாதிரிப் பொடி. ரப்பர் சீல் பாதி வெடித்து ஓரமாகச் சுருண்டு கிடந்தது. அதன் வழியாக ஈரம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறை புதுச் சென்சாரை அழுத்திச் செருகும்போதும் அதன் புதுப் பின் அந்தத் துருவை கொஞ்சம் உரசி எடுத்திருக்கிறது, அந்த உரசலின் புண்ணியத்தில் சில நாள் ஓடியிருக்கிறது. எஞ்சின் அதிர அதிர அகன்ற உதடு மறுபடி விலகியிருக்கிறது. நான் சரிசெய்ததாக நினைத்தது சென்சாரால் அல்ல, கழற்றி மாட்டியதால். உங்களுடைய "இரண்டு நாள்" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பச்சைப் பொடிதான்.

உங்கள் வண்டியிலும் இதுதானா என்று உறுதி செய்ய, ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் போதும். எலக்ட்ரானிக்ஸ் சாமான்களில் மிகச் சாதாரணமானது. சென்சார் கனெக்டரைக் கழற்றி, அதன் இரு துளைகளிலும் ரெசிஸ்டரின் கால்களைப் பதமாகச் செருகுங்கள், சாவியை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். மேலே சொன்ன வகைச் சென்சார் வண்டி என்றால் 93 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். அதைவிடப் பல டிகிரி குறைவாகக் காட்டினால் கனெக்டரிலோ வயரிலோ தேவையில்லாத தடை இருக்கிறது என்று அர்த்தம். கனெக்டரைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள், வயர்கட்டை அங்கங்கே வளையுங்கள். எண் தாவும் இடம்தான் நோவு இருக்கும் இடம். உங்கள் சென்சாரின் தடை அட்டவணை வேறாக இருந்தால் எண்ணும் வேறாகும், அட்டவணையைப் பார்த்து அதற்கேற்ற ரெசிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களைச் செருகும்போது துளையை அகட்டிவிடாதீர்கள். இல்லாத நோயை நாமே கொடுத்ததாகிவிடும்.

ரெசிஸ்டரோடு எல்லாம் சரியாகக் காட்டுகிறது என்றால் மட்டுமே சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டரும் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கனெக்டர் முனை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும், பாத்திரத்தின் அடியையும் அது தொடக்கூடாது. சூடேற ஏற ஓம் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் திக்கினாலோ திடீரென்று மேலே குதித்தாலோ சென்சார் கெட்டதுதான். கழற்ற மனமில்லை என்றால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சென்சார் பக்கத்து உலோகத்தை அளந்து ஸ்கேனரோடு ஒப்பிடலாம். ஆனால் பளபளப்பான அலுமினியத்தை அது எப்போதும் குறைவாகவே படிக்கும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள்.

இப்போது எதிர்த் திசை. ஸ்கேனர் 108 என்று உண்மையைச் சொல்கிறது, ஆனாலும் ஃபேன் ஓடவில்லை. ஏசி போட்டால் சுற்றுவது எந்த ஃபேன் என்று குனிந்து பாருங்கள். இரண்டு ஃபேன் உள்ள வண்டிகளில் ஏசிக்காகச் சுற்றுவது கண்டன்சர் ஃபேனாக இருக்கலாம். ரேடியேட்டர் ஃபேன் பக்கத்திலேயே செத்துக் கிடக்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: எஞ்சின் ஓடும்போது கூலண்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஈசியு தகவல் இல்லாமல் பயந்துபோய், பெரும்பாலான வண்டிகளில் ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிடும். செக் எஞ்சின் விளக்கு எரியும், பிறகு ஸ்கேனரால் அழித்துக்கொள்ளலாம். ஃபேன் ஓடினால் ஈசியு முதல் மோட்டார் வரை பாதை நன்றாக இருக்கிறது. ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், எர்த். ரிலேயைப் பக்கத்தில் உள்ள அதே எண் ரிலேயோடு மாற்றிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஃபேன் ஃப்யூஸ் 30, 40 ஆம்பியர் வகை; அறுந்திருக்கிறதா என்பதோடு, அதன் கால் உட்காரும் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டாரை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இரண்டு வேக ஃபேனில் மெதுவேகம் மட்டும் வராமல், முள் ரொம்ப ஏறிய பிறகு ஒரேயடியாக இரைச்சலோடு ஓடினால் அந்த மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் போயிருக்கும். இதற்கெல்லாம் சென்சாரோடு சம்பந்தமில்லை.

ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சென்சார் கனெக்டர் கழன்றிருக்கிறதா, இல்லை ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். ரிலேயைப் பிடுங்கியும் ஃபேன் நிற்காவிட்டால் வயரிங்கில் எங்கோ நேரடியாகச் சேர்ந்திருக்கிறது.

சரி, பழுது கனெக்டர் என்று தெரிந்தால் என்ன செய்வது? சுத்தம் செய்வது தற்காலிகம். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய ஊசியால் அகன்ற உதட்டை உள்பக்கமாக ஒரு முடியளவு நெருக்கி, செருகிப் பார்த்தால் இறுக்கமாக உட்கார வேண்டும். வெடித்த சீலோடு அதை விட்டால் அடுத்த மழையில் மறுபடி வரும். வால் போல வயர் துண்டோடு கிடைக்கும் புதுக் கனெக்டரை வாங்கி, வயரைச் சால்டர் செய்து அல்லது க்ரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதுதான் வேலை. இரண்டு வயரின் ஜாயிண்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக இருக்கட்டும். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை எஞ்சின் பக்கத்தில் செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் டேப்பின் பசை ஒழுகிவிடும். ஃபேனுக்கு டேஷ்போர்டில் தனி ஸ்விட்ச் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் போட மறப்பீர்கள், அந்த ஒரு நாள் போதும் ஹெட் கேஸ்கெட்டுக்கு.

சென்சாரையே மாற்ற வேண்டியிருந்தால் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தம் விலகியதும் உள்ளே இருப்பது அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். சாவி ஆஃபில் இருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றும், அதனால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். புதியதைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைத் திருகி எடுத்து உடனே மாட்டினால் கூலண்ட் கொஞ்சம்தான் போகும். வாஷரோ ஓ ரிங்கோ புதிதாக இருக்கட்டும். இது பித்தளை, மாட்டும் இடம் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ. தோள் பலத்தைக் காட்ட வேண்டாம். ஒற்றை வயர் உள்ள சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த், அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் நாமே தடையைச் சேர்த்ததாகும்.

அப்புறம் காற்று. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சென்சார் மாற்றும்போது உள்ளே போன காற்று அதன் முனையைச் சுற்றியே தங்கிவிட்டால், சென்சார் கூலண்ட்டைத் தொடாமல் காற்றைத்தான் அளக்கும். எண் தாறுமாறாக ஆடும். மூடியைத் திறந்து வைத்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதை லேசாகத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்போது இறுக்குங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஏசியை ஆஃப் செய்து, நின்ற இடத்திலேயே ஃபேன் தானாகத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கும் வரை ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு முறை தொடங்கினால் போதாது. இரண்டு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே எண்ணில் தொடங்க வேண்டும்.

இதெல்லாம் முடியும் வரை வண்டி எடுத்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் வண்டியில் ஏசி போட்டால் முள் இறங்குகிறது என்றால் மட்டும், ட்ராஃபிக்கில் ஏசியைப் போட்டே வையுங்கள். அதையும் மீறி முள் சிவப்பை நெருங்கினால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள், மூடியில் கை வைக்காதீர்கள். அந்த ஸ்கேனர் எண்ணையும் 220 ஓம் ரெசிஸ்டர் போட்டபோது வந்த எண்ணையும் எழுதுங்கள், மேற்கொண்டு அதிலிருந்து பார்க்கலாம்.